மூன்று ஊர்களில் ஒரு வெள்ளி அந்தி

பர் துபாயில் எங்கள் எதிர் ஃபிளாட்டில் குடியிருந்த கணவனும் மனைவியும் யூதர்கள் என்பது 2003-ஆம் ஆண்டு விஜயதசமி வரை எனக்குத் தெரியாது. கொச்சிக் கிறிஸ்தவர்கள் என்றுதான் நினைத்திருந்தோம். கட்டடத்தில் எல்லோருக்கும் அதே எண்ணம்தான். பெயர்கள் பழைய ஏற்பாட்டுப் பெயர்கள், பேச்சு மலையாளம். வெள்ளிக்கிழமைதோறும் பொழுது சாய்வதற்குள் அந்த அம்மாள் கண்ணாடிக் கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டு விளக்கேற்றுவார். என் மனைவியும் வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறவள். "பாருங்க, மதம் மாறியும் நம்ம பழக்கத்த விடல இவங்க" என்று அவளுக்கு ஒரே பெருமை.

கணவர் ஜெபல் அலியில், கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் ஒரு கம்பெனியில் கிடங்குப் பொறுப்பாளர். இளம் வயதில் சில வருடங்கள் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்ததால் தமிழ் நன்றாக வரும். 'சாரே' மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. அந்த அம்மாளும் அவரிடமிருந்தே தமிழ் கற்றுக்கொண்டவர். அவர்களுக்குக் குழந்தை இல்லை.

எனக்குச் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் வேலை. தேதிகள் மேல் சிறு வயது முதலே பித்து உண்டு. மீனா பஜாரில் எந்தக் கடை எப்போது கைமாறியது, படகுக் கட்டணம் எந்த மாதம் கூடியது என்றெல்லாம் எழுதி வைப்பேன். வீட்டில் தமிழ் நாட்காட்டியும் ஹிஜ்ரி நாட்காட்டியும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும்.

அந்த விஜயதசமி மாலையில் கொலு பார்க்க வந்த அம்மாள், சுண்டலை அவசர அவசரமாகச் சாப்பிட்டார். தண்ணீரும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"மெதுவா சாப்பிடுங்கக்கா, யாரும் புடுங்கிக்க மாட்டாங்க" என்றாள் மனைவி.

"சூரியன் புடுங்கிக்கும். அந்தி ஆச்சுன்னா நாளைக்கு ராத்திரி வரைக்கும் பச்சைத் தண்ணி கிடையாது."

அவர் போன பிறகு நான் யோசித்தேன். முந்தைய வருடம் செப்டம்பர் நடுவில் ஒரு நாள் அந்த அம்மாள் தண்ணீர்கூட வாயில் வைக்காமல் இருந்ததை மனைவி சொல்லியிருந்தாள். இந்த வருடம் அதே விரதம் அக்டோபரில் வருகிறது. இரண்டுமே அமாவாசை கழிந்த பத்தாம் நாளை ஒட்டியவை. ஒரு வருடம் எங்கள் விஜயதசமிக்கு அருகிலும் இன்னொரு வருடம் ஒரு மாதம் முன்னதாகவும் வரக்கூடிய, அந்தியில் தொடங்கி அந்தியில் முடிகிற விரதம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். யூதர்களின் பாவமன்னிப்பு விரதம், படித்திருக்கிறேன். சில நாள் கழித்து லிஃப்டில் தனியாக இருக்கையில் கணவரிடம் கேட்டேன்.

அவர் லிஃப்டின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "சாரே, இது நம்ம ரெண்டு பேரோட போட்டும்" என்றார்.

இரண்டு பேரோடு போகவில்லை. என் மனைவியிடம் சொன்னேன், அவளோடு நின்றது. அதன்பின் எங்கள் நட்பு கூடியது என்றே சொல்ல வேண்டும். ஒளிக்கிறவர்களுக்கு ஒளிக்க வேண்டாத ஒரு வீடு கிடைத்ததில் இளைப்பாறல் இருந்திருக்கும்.

அவர்கள் சொன்னவற்றைக் கொண்டு பார்த்தால் யாரும் அவர்களை அங்கே துன்புறுத்தியதில்லை. முதல் விசா எடுத்தபோது டைப்பிங் சென்டரில் இருந்தவர் பெயரைப் பார்த்துக் கிறிஸ்தவர் என்று தட்டிவிட்டார். இவர் திருத்தவில்லை. அதற்குப் பிறகு எப்போது திருத்துவது? அந்த அம்மாளின் அண்ணன் குடும்பம் பல வருடங்களுக்கு முன்பே இஸ்ரேலுக்குப் போய்விட்டது. துபாயிலிருந்து அந்த நாட்டுக்கு அப்போது போன் போகாது. கடிதம் கொச்சிக்குப் போகும். அங்கே அம்மாளின் சித்தப்பா மகன், எழுபதைத் தாண்டியவர், புது உறையில் போட்டு அனுப்புவார். மிக அவசரம் என்றால் அவரே ஒரு கையில் வீட்டுப் போனையும் மறு கையில் மொபைலையும் எடுத்து, ஒன்றின் வாயை மற்றதன் காதில் அழுத்திப் பிடிப்பார். அண்ணன் பேத்தியின் கல்யாணத்தன்று அந்த அம்மாள் அப்படிப் பேசியதை நான் பார்த்திருக்கிறேன். கிணற்றுக்குள் பேசுகிறவரைப் போலக் கத்தினார். அந்தப் பக்கத்திலிருந்து இரைச்சல்தான் வந்தது. அழுதுகொண்டே சிரித்தார்.

அண்ணனுடைய எண்ணை அவர்கள் துபாயில் வைத்திருக்கவில்லை. மனப்பாடமும் செய்யவில்லை. "எண் தெரிஞ்சா ஒரு நாள் கை தானா அமுக்கிடும் சாரே" என்றார் கணவர். அமுக்கினால் என்ன நடக்கும் என்று அவருக்கும் தெரியாது. ஒன்றும் நடந்திருக்காது, இணைப்புக் கிடைத்திருக்காது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள். அங்கேயோ அப்போது சனிக்கிழமைதான் வாரத்தின் முதல் வேலை நாள். வார விடுமுறை வெள்ளி, சனி என்று மாறியது 2006-இல். அதனால் கணவர் இருபது வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் ட்யூட்டிக்குப் போனவர். அம்மாள் வெள்ளி அந்தியிலிருந்து சனி அந்தி வரை அடுப்பைப் பற்றவைக்க மாட்டார், வண்டியில் ஏற மாட்டார், போனைத் தொட மாட்டார். "அவ ரெண்டு பேருக்கும் சேர்த்துக் கடைப்பிடிக்கிறா" என்பார் கணவர்.

2005 தொடக்கத்தில் அந்த அம்மாளுக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தது. மே மாதத்துக்குள் மருத்துவர்கள் கையை விரித்துவிட்டார்கள். அவர் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார், உயிரோடு ஊருக்குப் போக வேண்டும் என்று. துபாயில் இறந்தால் உடலை விமானத்தில் ஏற்றுவதற்கு முன் எம்பாமிங் செய்தாக வேண்டும், ரத்தத்தை எடுத்து மருந்தை ஏற்றுவார்கள். அவர்கள் வழக்கத்தில் அது கூடாது. உடலைத் தங்கள் பெண்களே கழுவி, வெறும் துணி சுற்றி, முடிந்தால் அன்றைக்கே, ஒன்றும் எடுக்காமல் ஒன்றும் சேர்க்காமல் மண்ணில் வைக்க வேண்டும். அமீரகத்தில் அவர்களுக்கென்று இடுகாடு கிடையாது. கொச்சியில் அவர் அம்மா கிடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இடம் இருந்தது.

"முழுசா போகணும்" என்று என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

படுக்கையிலேயே கொண்டுபோக விமானத்தில் இருக்கைகளைக் கழற்றி ஸ்ட்ரெச்சர் வைக்க வேண்டும். அதற்கு மருத்துவ அனுமதி வேண்டும். ஜூன் கடைசி, பள்ளிக்கூடங்கள் மூடி ஊரே ஊருக்குக் கிளம்பும் சமயம், ஒரு விமானத்திலும் இடமில்லை. அந்த மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் விமானக் கம்பெனியிலிருந்து அழைத்தார்கள். அனுமதி வந்துவிட்டது, அன்று இரவு விமானத்தில் ஸ்ட்ரெச்சர் வைக்கிறோம், அதை விட்டால் திங்கட்கிழமை என்றார்கள்.

ஆஸ்பத்திரி அறையில் அப்போது நானும் என் மனைவியும் கணவரும் இன்னொருவரும் இருந்தோம். அந்த இன்னொருவர் மீனா பஜாரில் துணிக்கடை வைத்திருந்த கீழக்கரைக்காரர். அம்மாள் துணி எடுப்பதெல்லாம் அவரிடம்தான். ஜும்மா தொழுகை முடித்து, சாப்பிட்டு, பழங்களோடு பார்க்க வந்திருந்தார்.

செய்தியைச் சொன்னதும் அந்த அம்மாள் கண்ணைத் திறந்தார். "எத்தனை மணிக்கு?"

"ராத்திரி, பத்துக்குப் பக்கம்."

"இன்னைக்கு வெள்ளி."

கணவர் அவர் காதருகே குனிந்து, "நோயாளி போகலாம்டி, குத்தமில்ல" என்றார்.

"யார் சொன்னா?"

சனிக்கிழமை ட்யூட்டிக்குப் போகிறவர் சொன்னால் அந்த அம்மாள் கேட்பாரா?

"அண்ணன்கிட்ட கேளு. அண்ணன் போகச் சொன்னா போறேன்."

அண்ணன் இஸ்ரேலில் அவர்கள் கோவிலில் முன்னால் நின்று ஓதுகிறவர், மதச் சட்டம் தெரிந்தவர். நாங்கள் வராந்தாவுக்கு வந்தோம். கணவர் கொச்சி எண்ணை அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அழுத்தினார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கொச்சியில் சூரியன் நமக்கு முன்னால் இறங்கிவிடும். துபாயில் ஜன்னலுக்கு வெளியே வெயிலில் கண் கூசியது, கொச்சியில் ஓய்வு நாள் பிறந்துவிட்டது. அந்தச் சித்தப்பா மகன், கிழவர், போனை எடுக்க மாட்டார். அண்ணன் ஊரில் அந்தியாக இன்னும் வெகு நேரம் இருந்தது. அவர் எடுப்பார். ஆனால் அவருடைய எண் கிழவரிடம் மட்டும்தான் இருக்கிறது.

"எங்க அண்ணன் மெட்ராஸ்ல இருக்கார். எண் மட்டும் கிடைச்சா அவர் ரெண்டு போனையும் சேர்த்துப் பிடிப்பார்" என்றேன்.

"எண் இல்லையே சாரே."

கீழக்கரைக்காரர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னா நடக்குது? வெள்ளிக்கிழமை பொறப்படக் கூடாதுன்னு எந்த சர்ச்சுல சொல்லிருக்கு?"

கணவர் அவரிடம் சொல்லிவிட்டார். இரண்டே வாக்கியத்தில். இத்தனை வருடம் காத்ததை அந்த வராந்தாவில், ட்ராலி தள்ளுகிறவர்கள் போய்வரும் இடத்தில் சொன்னார்.

கீழக்கரைக்காரர் தாடையைத் தடவிக்கொண்டார். "ஏன் சேட்டா, சொன்னா துணி தர மாட்டேன்னு நெனச்சீங்களா? இல்ல, வெலயக் கூட்டிருவேன்னா?" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியது. "எங்களுக்கு உசுருக்கு ஆபத்துன்னா நோன்பையே விட்டுறலாம். உங்களுக்கு அப்புடி இல்லையா?"

"இருக்கும். எனக்கு நிச்சயமாத் தெரியாது. தெரிஞ்சவங்க இங்க யாரும் இல்ல."

துபாயில் அன்றைக்கு எத்தனை மொழி பேசுகிறவர்கள், எத்தனை மதத்தவர்கள் இருந்தார்கள். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு ஆள் இல்லை. இருந்திருந்தால் அவரும் எங்கேயாவது கிறிஸ்தவர் என்று விசாவில் எழுதிக்கொண்டு இருந்திருப்பார்.

கீழக்கரைக்காரருக்கு எர்ணாகுளத்தில் கடை வைத்திருக்கும் மச்சான் ஒருவர் உண்டு. அவருக்குப் போன் போட்டு, மட்டாஞ்சேரிக்குப் போய்க் கிழவரைக் கண்டுபிடிக்கச் சொன்னார். "மாப்ள, கடைய அடச்சுட்டுப் போ. ஆமா, இப்பவே. அப்பறமா வெசயம் சொல்றேன், யல்லா, கெளம்பு." பாலத்தில் நெரிசல், மழை வேறு என்று மச்சானிடமிருந்து செய்தி வந்தது. பிறகு, வீடு பூட்டியிருக்கிறது என்றார். கிழவர் தொழுகைக்குப் போயிருந்தார்.

இதற்குள் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. ஓட்டுநர் பெஷாவர்க்காரர், வாசலில் நின்று, "பாய், ஜல்தி. ஏர்போர்ட்டில் நிற்க மாட்டார்கள்" என்று இந்தியில் அவசரப்படுத்தினார். ஜன்னலில் வெயில் மஞ்சளாகியிருந்தது.

"சேட்டா, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க" என்றார் கீழக்கரைக்காரர். "உள்ள போங்க. அண்ணன் பேசிட்டாரு, போகச் சொல்லிட்டாருன்னு சொல்லுங்க. பாவம் இருந்தா என் கணக்குல எழுதிக்கட்டும்."

நானும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவியும் தலையாட்டினாள். கணவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார். கதவு பாதி திறந்திருந்தது.

"கேட்டியா?" என்றார் அம்மாள்.

"ம்."

"அண்ணன் கிடைச்சாரா?"

அவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாயைத் திறந்தார்.

"கிடைக்கல, இல்ல?" என்றார் அம்மாள். கோபமாக இல்லை, குழந்தையிடம் கேட்பதுபோல. "திங்கக்கிழமை போகலாம். திங்க வரைக்கும் இருப்பேன்."

கணவர் வெளியே வந்தார். "நுணை பறைய முடியல சாரே. இருபது வருஷம் வெளியில எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன். அவகிட்ட வரல."

ஆம்புலன்ஸ் திரும்பிப் போனது. என் மனைவி அம்மாளுக்காக விளக்கேற்றக் கேட்டாள். ஆக்சிஜன் இருக்கும் அறையில் நெருப்பு கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டார்.

மட்டாஞ்சேரியில் மச்சான் கடைசியில் கிழவரைப் பிடித்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் கிழவர் ஒரு நொடி யோசிக்கவில்லையாம். வாழ்க்கையில் முதல் தடவையாக ஓய்வு நாளில் போனைத் தூக்கி அண்ணனின் எண்ணைச் சுழற்றினார். அதற்குள் அங்கேயும் பெண்கள் விளக்கேற்றிவிட்டார்கள். அண்ணன் வீட்டில் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. வீட்டில் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரியும், தெரிந்தவர்கள் அழைக்க மாட்டார்கள் என்பதும் தெரியும். தவறான எண்ணாக இருக்கும் என்று பேசிக்கொண்டார்களாம்.

சனிக்கிழமை அங்கே இருட்டிய பிறகு அண்ணன், போனில் விழுந்திருந்த எண்ணைப் பார்த்துக் கிழவருக்குப் போன் செய்தார். கிழவர் இரண்டு போனையும் சேர்த்துப் பிடித்தார். இந்த முறை இரைச்சலுக்கு நடுவே அண்ணனின் குரல் எனக்கும் கேட்டது. மலையாளத்தில் கத்தினார். "இதையெல்லாமா கேட்பார்கள்? உயிர் போகிறவளுக்கு எதற்கு ஓய்வு நாள்? போயிருக்க வேண்டாமா? கேட்டுக்கொண்டு நின்றதுதான் தப்பு."

கணவர் போனை அம்மாளின் காதில் வைத்தார். அண்ணன் தங்கையின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழைத்தார். அம்மாள் அப்போது கேட்கும் நிலையில் இல்லை.

ஞாயிறு காலை இறந்தார்.

அன்று பகல் கணவருக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. அவருடைய கிடங்கில் வேலை பார்த்த மலையாளிக் கிறிஸ்தவர் ஒருவர் தன் பாதிரியாரிடம் பேசியிருந்தார். ஜெபல் அலி பக்கம் கிறிஸ்தவர்களுக்கு இடுகாடு இருக்கிறது, விசாவில் கிறிஸ்தவர் என்றுதானே இருக்கிறது, கடிதம் தருகிறேன் என்று பாதிரியார் சொல்லியிருந்தார். அங்கே என்றால் எம்பாமிங் வேண்டாம். மறுநாளே மண்ணுக்குப் போய்விடலாம். அம்மாள் கேட்டபடி முழுசாக. சிலுவைகளுக்கு நடுவே, தன் ஆட்கள் ஒருவரும் இல்லாத இடத்தில். இல்லையென்றால் கொச்சி. அம்மாவின் பக்கத்தில், மருந்து ஏற்றிய உடம்போடு.

"எங்க வீட்டுல பொம்பளைங்க வந்து கழுவித் தர்றோம்னு சொல்றாங்க" என்றார் கீழக்கரைக்காரர். "மையித்த எப்புடிக் கழுவணும்னு அவங்களுக்குத் தெரியும். உங்க ஓதல் தெரியாது, அவ்வளவுதான்."

கணவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கையை விட்டபோது, "ஊருக்கே போகட்டும்" என்றார்.

சோனாப்பூரில் எம்பாமிங் செய்யும் இடத்துக்கு நானும் போனேன். வெளியே மணல் கொதித்தது. நாங்கள் வரிசையில் காத்திருந்தோம். எங்களுக்கு முன்னால் ஆந்திராக்காரர்கள் சிலர், சைட்டில் விழுந்து இறந்த ஒரு பையனுக்காக வந்திருந்தார்கள். உள்ளே வேலை செய்யும் மலையாளி வெளியே வந்தபோது கணவர் அவரைத் தனியே அழைத்தார். கொஞ்சமாக ஏற்றினால் போதாதா, ரத்தத்தை எடுக்காமல் செய்ய முடியாதா என்று கேட்டார். அவர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். "சேட்டா, இது பாதி செய்யிற வேலையில்ல. செஞ்சா செஞ்சதுதான்."

கணவர் உடலோடு போனார். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது நடந்ததை என்னிடம் சொன்னார். பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று ஊரில் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். கழுவத் தெரிந்த பெண்கள் மூன்று பேர் மிச்சம். மூவரும் நடக்க முடியாதவர்கள். மூடியின் மேல் தண்ணீர் ஊற்றினார்கள். இறந்தவருக்காகச் சொல்லும் பிரார்த்தனைக்கு அவர்களில் வளர்ந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். கொச்சியில் அத்தனை பேர் இல்லை. வேறு மாதங்களில் என்றால் கோவிலைப் பார்க்க வரும் வெளிநாட்டுப் பயணிகளில் யாராவது யூதர் இருந்தால் கையைப் பிடித்து நிறுத்திக்கொள்வார்களாம். அது மழைக்காலம், பயணிகள் யாரும் இல்லை. கிழவர் இரண்டு நாள் தெருவில் குடையோடு நின்று பார்த்தார். பிரார்த்தனை சொல்லப்படவில்லை.

ஊரில் இருந்த நாளெல்லாம் அண்ணனோடு தாராளமாகப் பேசினாராம். அங்கிருந்து பேசத் தடையில்லையே.

"அவர்கிட்ட கேட்டீங்களா?" என்றேன்.

"எத?"

"ஜெபல் அலியிலயே வச்சிருக்கலாமான்னு. ரெண்டுல எது சரியா இருந்திருக்கும்னு."

அவர் ஊரிலிருந்து கொண்டுவந்த பையிலிருந்து வாழைக்காய் வறுவல் பொட்டலத்தை எடுத்து என் மனைவியிடம் கொடுத்தார்.

"கேட்டா சொல்லிருவார் சாரே" என்றார். "அவருக்குத் தெரியும். அதான் கேக்கல."

மறுநாள் காலை வழக்கம்போல ஜெபல் அலி வண்டிக்காகக் கீழே நின்றுகொண்டிருந்தார்.